பஞ்சு பாரிசுக்குப் போக வேண்டுமா?

புதுவை நகரின் நெரிசலைக் கடந்து, வில்லியனூரை அடைந்து, அங்கே மாதா திருத்தலத்தின் குளக்கரையில் சற்று இளைப்பாறி, பின் சங்கராபரணி ஆற்றை அடுத்த வயல்வெளிகளின் பக்கம் திரும்பினால் உறுவையாறு என்னும் சிற்றூர் வரும். கடற்கரைச் சாலையையும் வெள்ளை மாளிகைகளையும் காண வரும் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் இவ்வூர்ப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. நெல்லும் கரும்பும் சவுக்கும் வளரும் மண். மாலை வேளையில் ஆற்றுப் பக்கமிருந்து வரும் காற்றில் ஈரமண்ணின் வாசனை கலந்திருக்கும். எம் துணைவியாரின் தமக்கையார் இவ்வூரிலே வாழ்கிறார். ஆண்டுக்கு இருமுறையேனும் நாங்கள் இங்கு வந்து திண்ணையில் அமர்ந்து செல்வது வழக்கம்.

சென்ற சித்திரையில் வந்தபோது, வீட்டில் ஒரு பெரும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாதி ஒன்பது வயதுப் பேத்தி. பிரதிவாதி அவளைப் பெற்ற தகப்பன். வழக்குக்குக் காரணமாயிருந்ததோ, இவை எதையும் அறியாமல் அம்மிக்கல்லின் அடியில் படுத்து அறுகம்புல் மென்றுகொண்டிருந்த ஒரு வெள்ளை முயல்.

சொல்தா வீட்டுப் பிள்ளைகள்

புதுவைப் பக்கத்து வாசகர்களுக்கு விளக்கம் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். பிரெஞ்சு ராணுவத்தில் சேவை செய்து ஓய்வூதியம் பெற்றுத் திரும்பியவர்களை இங்கே 'சொல்தா' என்பார்கள். போர்வீரன் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் தமிழ் நாவில் அப்படி உருண்டு வந்தது. 1954 நவம்பர் 1-ஆம் நாள் புதுவையின் ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-ஆம் நாள் நிறைவேறியது. பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ள விரும்பிய புதுவை மக்களுக்கு அப்போது ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அன்று அவ்வாறு எழுதிக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றளவும் பாரிசுக்கும் புதுவைக்குமாகப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள்.

தமக்கையாரின் மருமகன் அத்தகைய சொல்தா வீட்டுப் பேரன். பாரிசின் புறநகரில் அவருடைய அண்ணன் பணிபுரிகிறார். இவருக்கும் அங்கே வேலை கிடைத்துவிட்டது. ஆவணி மாதத்தில் மனைவியோடும் மகளோடும் புறப்பட ஏற்பாடு. பெட்டிகள் வாங்கியாயிற்று, குளிர் உடைகள் தைத்தாயிற்று. ஒன்றே ஒன்றுதான் தீராமல் நின்றது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் புதுவையின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், கைப்பிடியளவு பஞ்சு போன்ற ஒரு முயல்குட்டியைத் தகப்பனார் மகளுக்கு வாங்கித் தந்திருந்தார். 'பஞ்சு' என்பதே அதற்குப் பெயராயிற்று. வேலியோரத்துக் கல்யாண முருங்கைத் தழை அதற்கு விருந்து. தமக்கையார் கொல்லையில் வளர்க்கும் வேலிமசால் அன்றாட உணவு. அந்நியர் வந்தால் பின்னங்காலால் தரையை ஓங்கி அடித்து எச்சரிக்கும். மாலையில் பள்ளி விட்டு அவள் வரும் காலடி ஓசைக்கு மட்டும் காதை நிமிர்த்தி வாயிற்படி வரை வரும்.

"பஞ்சு வரலேன்னா நானும் வரமாட்டேன்" என்றாள் சிறுமி.

முதலில் இதைக் கேட்டபோது தகப்பனார் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்னம்மா, அதுக்கும் ஒரு டிக்கெட் போட்டாப் போச்சு" என்று சொல்லிவிட்டார். பெரியவர்கள் விளையாட்டாய் உதிர்த்த சொல்லைக் குழந்தைகள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நாள் நெருங்க நெருங்க அந்தச் சொல் அவர் கழுத்தைச் சுற்றியது. அலுவலகத்தில் காகிதங்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்றவர்கள் என்பதால், விசாரித்துச் சொல்லும் பொறுப்பு எங்கள் தலையில் விழுந்தது.

முயலுக்கு ஒரு டிக்கெட்

அடுத்த சில வாரங்களில் நாங்கள் அறிந்தவற்றை, இதே எண்ணம் கொண்ட குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி இங்கே தருகிறோம்.

செல்லப்பிராணி என்றால் நீண்டதூர விமான நிறுவனங்களில் பலவற்றின் கணக்கில் நாயும் பூனையுமே. பயணியின் காலடியில் கூடையில் வைத்துக்கொள்ள அவற்றுக்கே அனுமதி. அமெரிக்காவின் உள்நாட்டு விமானங்கள் சிலவற்றில் சிறு முயலையும் அவ்வாறு ஏற்கிறார்கள். ஆனால் கடல் கடக்கும் பயணத்தில் முயலுக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான் உண்டு: சரக்காகப் பதிவாகி, விமானத்தின் அடித்தளத்தில் செல்ல வேண்டும். உடையவர் மேலே, உடைமை கீழே.

அடித்தளம் என்றதும் அங்கே காற்றும் இராது, உறைபனியாய் இருக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். உயிருள்ள பிராணிகளை ஏற்றும் பகுதியில் காற்றழுத்தமும் வெப்பமும் சீராக வைக்கப்படுகின்றன. பறக்கும் நேரத்தைவிட ஏற்றுவதற்கு முன்னும் இறக்கிய பின்னும் தரையில் காத்திருக்கும் நேரமே அதிகக் கவலைக்குரியது. வெயிலில் காயும் ஓடுதளத்தில் அரைமணி நேரம் தாமதம் என்றாலும் சிறு பிராணிக்கு அது நெடுநேரம்.

கூண்டுக்கும் இலக்கணம் உண்டு. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் உயிர்ப்பிராணிகளை ஏற்றுவதற்கான விதிகளை ஆண்டுதோறும் திருத்தி வெளியிடுகிறது. பெட்டி உறுதியாயிருக்க வேண்டும். பக்கங்களில் காற்றுத் துளைகள் வேண்டும். பிராணி இயல்பாக உட்காரவும் திரும்பவும் படுக்கவும் இடம் வேண்டும். ஈரத்தை உறிஞ்சும் விரிப்பு வேண்டும். கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து நீரும் உணவும் நிரப்ப வழி வேண்டும்.

பின்னர் காகிதங்கள். கால்நடை மருத்துவரின் நலச்சான்று முதற்படி. அதைக் கொண்டு, மத்திய அரசின் பிராணிகள் தொற்றுத்தடுப்பு மற்றும் சான்றளிப்பு நிலையத்தில் ஏற்றுமதிக்கான சான்று பெற வேண்டும். அந்நிலையம் சென்னையில் உண்டு. இவை இந்தியாவை விட்டுப் புறப்படுவதற்கு மட்டுமே. சென்று சேரும் நாட்டின் நிபந்தனைகள் தனி. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் வகுத்த விதித்தொகுப்பு முயலையும் செல்லப்பிராணிகளின் பட்டியலில் சேர்த்தது; ஆயினும் நாய், பூனைக்கு வகுத்ததுபோல் எல்லா நாடுகளுக்கும் பொதுவான நிபந்தனைகளை முயலுக்கு அது வகுக்கவில்லை. ஆகவே அந்தந்த நாட்டின் அதிகாரிகளையே கேட்டறிய வேண்டியிருந்தது. பிரிட்டனுக்கு இந்தியாவிலிருந்து முயலைக் கொண்டுபோனால் நான்கு மாதம் தனிமைக் காவலில் வைப்பார்கள். ஆஸ்திரேலியாவோ நியூசிலாந்திலிருந்து வரும் முயலைத் தவிர வேறெந்த நாட்டு முயலுக்கும் கதவைத் திறப்பதில்லை.

சாதுவான ஒரு பிராணியைக் கண்டு இத்தனை நாடுகள் ஏன் அஞ்ச வேண்டும்? காரணம் இருக்கிறது. 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்னும் பண்ணையார் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில், வேட்டைப் பொழுதுபோக்குக்காக இரண்டு டஜன் அளவில் முயல்களைத் திறந்துவிட்டார். அவை பெருகிப் பயிரையும் புல்லையும் தின்றழித்தன. அவற்றைத் தடுக்க 1901-க்கும் 1907-க்கும் இடையில் மேற்கு ஆஸ்திரேலியாவில் 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்கு வேலி கட்டினார்கள். அப்படியும் முயல்கள் கடந்துவிட்டன. பிரான்சிலே நடந்தது வேறு கதை. 1952-இல் அர்மான்-தெலீல் என்னும் மருத்துவர் தம் பண்ணை நிலத்தில் முயல்களை ஒழிக்க எண்ணி, நோய்க்கிருமி ஏற்றிய இரண்டு முயல்களை விட்டார். அந்நோய் அவருடைய மதிற்சுவரோடு நிற்காமல் ஐரோப்பா முழுவதும் பரவி, கோடிக்கணக்கான முயல்களைக் கொன்றது. ஆகவே ஒரு கூண்டு முயலுக்கு இத்தனை காகிதம் கேட்கும் அதிகாரியைக் கல்நெஞ்சர் என்று நாம் ஏசுவதற்கில்லை.

இவற்றையெல்லாம் சொன்ன பின்னும் மருமகன் மனந்தளரவில்லை. "1959-இலேயே ரஷ்யாக்காரன் மார்ஃபுஷான்னு ஒரு முயலை ராக்கெட்டிலே ஏத்தி உயிரோட இறக்கினானாம். பாரிசுக்குப் போறது என்ன பெரிய காரியம்?" என்றார். செய்தி உண்மையே, அவ்வாண்டு ஜூலையில் இரண்டு நாய்களோடு அம்முயல் சென்று திரும்பியது.

முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த தமக்கையார் தலை நிமிராமலே கேட்டார்: "அதைக் கேட்டா அனுப்பினாங்க?"

வெள்ளோட்டம்

கால்நடை மருத்துவர் ஒருவர் நல்ல யோசனை கூறினார். கூண்டை வாங்கி வீட்டிலே கதவு திறந்தபடி வையுங்கள். அதற்குள்ளேயே தழை போடுங்கள். அது தானாகப் போய்ப் படுக்கட்டும். பிறகு பத்து நிமிடம், அரைமணி என்று சிறுகச் சிறுக வண்டியில் பழக்குங்கள் என்றார். மயக்க மருந்து கூடவே கூடாது, வானத்தில் அது மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் கெடுக்கும் என்றும் எச்சரித்தார்.

மூன்று வாரத்தில் பஞ்சு கூண்டைத் தன் வீடாகவே ஏற்றுக்கொண்டது. சிறுமியின் மகிழ்ச்சிக்கு எல்லையில்லை. கூண்டின் மேல் காகிதம் ஒட்டி, முத்து முத்தான எழுத்தில் 'பஞ்சு, உறுவையாறு - பாரிஸ்' என்று எழுதி வைத்தாள்.

அவசரப்பட்டவர்கள் பெரியவர்களாகிய நாங்கள்தாம். சிறுகப் பழக்கும்படி சொன்னதை மறந்து, சென்னையில் காகித வேலை இருக்கிறதே, முயலையும் மீனம்பாக்கம் வரை அழைத்துச் சென்று வந்தால் முழு வெள்ளோட்டமாகிவிடும் என்று வைகாசி மாதத்து ஒரு காலையில் வாடகைக் காரில் புறப்பட்டோம். திண்டிவனம் வரை குறை ஒன்றுமில்லை. அதற்கப்பால் நெடுஞ்சாலையில் வாகனங்கள் தேங்கி நின்றன. கானல் நெளியும் உச்சிவெயில். வண்டிக்குள் குளிர்சாதனம் ஓடியும், லாரிகளின் உறுமலும் ஒலிப்பானின் அலறலும் உள்ளே வந்துகொண்டிருந்தன. பஞ்சு காதுகளை முதுகோடு ஒட்டி, கூண்டின் மூலையில் ஒடுங்கிவிட்டது. தழையை நீட்டினால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. நீரையும் தொடவில்லை. சிறுமி கூண்டின் கம்பிக்குள் விரலை விட்டுக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தாள். மேல்மருவத்தூரோடு திரும்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடும் என்று நினைத்தோம். இரவு தமக்கையார் விளக்கை எடுத்துக்கொண்டு போய்க் கூண்டைப் பார்த்துவிட்டு வந்து, "காலையிலேருந்து புழுக்கையே போடலையே" என்றார். விடியும் வரை வீட்டில் ஒருவரும் உறங்கவில்லை.

காலையில் குரும்பாப்பட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிறுவனத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினோம். அங்கே கேட்டறிந்தவை எங்கள் கண்களைத் திறந்தன. முயலின் குடல் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டிய ஓர் இயந்திரம். நார்த்தழை இடைவிடாமல் உள்ளே சென்றால்தான் அது இயங்கும். அச்சமோ வலியோ வெப்பமோ தாக்கினால் முயல் உண்பதை நிறுத்திவிடும். உண்பது நின்றால் குடல் நின்றுவிடும். குடல் நின்றால் ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்து. வயிற்றில் சேர்ந்ததை வாந்தியெடுத்துத் தள்ளவும் முயலால் இயலாது. வியர்வை சிந்தி உடலைக் குளிர்விக்கவும் அதனால் ஆகாது. நீண்ட காதுகளே அதற்கு விசிறி. வெப்பம் 30 பாகை செல்சியஸைத் தாண்டினாலே அது தவிக்கத் தொடங்கும். கொடைக்கானல் மலைமேல் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி மையம் குளிர்ந்த அந்த மலைக்காற்றில் முயல்களை வளர்ப்பது எவ்வளவு பொருத்தம் என்று அப்போது விளங்கிற்று. அதன் முதுகெலும்போ மிக மெல்லியது. மிரண்டு பின்னங்கால்களை உதைத்தால் தன் முதுகைத் தானே முறித்துக்கொள்ளும்.

வேட்டையாடப்படும் பிராணியாகப் பிறந்ததால் நோவை வெளியே காட்டாமல் மறைப்பது அதன் இயல்பு. நாய் குரைக்கும், பூனை கத்தும், முயல் மௌனமாகவே சாகும். 2017 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து சிகாகோவுக்குச் சரக்குப் பகுதியில் அனுப்பப்பட்ட சைமன் என்னும் பத்து மாத ராட்சத இன முயல், சென்று இறங்கிய பின் இறந்து கிடந்த செய்தியை உலகமெங்கும் படித்தார்கள். நலமாகவே ஏறியதாக அதை வளர்த்தவர்கள் கூறினர். பத்திரமாகப் பறந்து சேர்ந்த முயல்களும் பல உண்டு. ஆனால் பயணம் முடியும் வரை கூண்டுக்குள் என்ன நடக்கிறது என்று மேலே அமர்ந்திருக்கும் உடையவருக்குத் தெரிய வழியில்லை.

ஊசிவழியே நீரேற்றினார்கள், கூழாக அரைத்த தழையைச் சிறு குழாயால் வாயில் புகட்டக் கற்றுத் தந்தார்கள். சிறுமி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மருத்துவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:

"மேலே போறப்போ இப்படி ஆச்சுன்னா யாரு டாக்டர் பாப்பாங்க?"

மருத்துவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

பேத்தியின் தீர்ப்பு

உறுவையாற்றிலிருந்து மீனம்பாக்கத்துக்குச் சாலை வழியே நான்கு மணி நேரம்; சரக்கை ஒப்படைக்கச் சில மணி நேரம் முன்னதாகவே போக வேண்டும்; பாரிஸ் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர்; இடையில் விமானம் மாறுவதானால் அங்கே காத்திருப்பு; இறங்கிய பின் சோதனை. எப்படிக் கூட்டினாலும் ஒரு பகலும் ஓர் இரவும். அவள் காகிதத்தில் எழுதி எழுதிக் கூட்டிப் பார்த்தாள்.

இரண்டாம் நாள் மாலையில் கொல்லைப்புறத்திலிருந்து தமக்கையாரின் குரல் தெருவரை கேட்டது: "போட்டிடுச்சு! போட்டிடுச்சுடி!" முயற்புழுக்கைக்காக ஒரு வீடே கூடிக் கண்ணீர் மல்க மகிழ்ந்ததை நாங்கள் அன்றுதான் கண்டோம்.

ஆனால் சிறுமி தகப்பனாரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இரவு ஜெபமாலை முடிந்தபின் அவர் அவளருகே அமர்ந்து, "அப்பா தெரியாம வாக்குக் கொடுத்திட்டேன்மா. விசாரிக்காம சொன்னது என் தப்பு" என்றார். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதைக் கௌரவக் குறைவாக எண்ணும் தகப்பன்மார் நம்மிடையே அநேகர். அவர் கேட்டார். அதற்காகவே அவரை நாங்கள் உள்ளூர மெச்சினோம். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு பள்ளி நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதத் தொடங்கினாள்.

காலையில் அது எங்களுக்குக் காட்டப்பட்டது. 'ஆயாவுக்கு' என்று தலைப்பு. தினமும் புல் நிறையப் போட வேண்டும். முட்டைக்கோசு அதிகம் கூடாது. வெயில் காலத்தில் ஈரச் சாக்கைக் கூண்டின் மேல் போட வேண்டும். விடியற்காலையில் அது தன் மிருதுவான புழுக்கையைத் தானே தின்றால் விரட்டக் கூடாது, அது அதற்கு மருந்து. அரைநாள் சாப்பிடாவிட்டால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். கடைசியாக, 'சாயங்காலம் நாலரை மணிக்கு வாசப்படியில் உட்கார வேண்டும், அது யாரையாவது தேடும்' என்றிருந்தது. அதைப் படித்த தமக்கையார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மகளும் பேத்தியும் போய்விட்டால் நாலரை மணிக்கு வாசற்படியில் யாரைத் தேடுவது என்னும் கேள்வி அவருக்கும் இருந்ததை நாங்கள் ஒருவரும் அதுவரை கேட்டதில்லை.

ஆவணியில் அவர்கள் புறப்பட்டார்கள். கூண்டின் மேல் ஒட்டிய காகிதத்தைக் கிழிக்காமல், 'பாரிஸ்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிட்டுப் போனாள்.

சில மாதங்களுக்குப் பின் நாங்கள் உறுவையாற்றில் இருந்தபோது கைப்பேசியில் அவள் முகம் தெரிந்தது. பாரிசின் ஆன்வாலிட் மாளிகைக்கு அழைத்துச் சென்றார்களாம். காயமுற்ற, முதிய படைவீரர்களுக்காக மன்னர் பதினான்காம் லூயி 1670-இல் நிறுவிய இல்லம் அது. சொல்தாவின் கொள்ளுப்பேத்தி அங்கு போனது பொருத்தமே. அதன் புல்வெளிகளில் காட்டு முயல்கள் வளை தோண்டி வாழ்கின்றன. "சின்னத் தாத்தா, நகரத்துக்கு நடுவிலே அத்தனை முயல்! பழுப்பு நிறம். கிட்டப் போனா ஓடிடுது" என்றாள். சற்று நேரம் பேசாமலிருந்து, "அதுங்களுக்கு அதுதான் ஊரு, இல்லே?" என்றாள்.

தமக்கையார் கைப்பேசியை வாங்கித் தரையருகே பிடித்தார். அம்மிக்கல்லின் அடியிலிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. அந்தக் குரலைக் கேட்டுக் காது நிமிர்ந்ததா, கையிலிருந்த கல்யாண முருங்கைத் தழையைக் கண்டு நிமிர்ந்ததா என்று எங்களால் சொல்ல இயலவில்லை.

அன்பு வாசகர்களே, முயலை விமானத்தில் ஏற்றுவதே பிழை என்று நாங்கள் கூறவில்லை. வேறு வழியே இல்லாதவர்கள் குளிர்காலத்தைத் தேர்ந்து, இடைநிற்காத விமானத்தைத் தேர்ந்து, மருத்துவர் சொற்படி பழக்கி அழைத்துச் செல்லட்டும். ஆனால் ஏற்றுவதற்கு முன், நம்மால் பிரிவைத் தாங்க முடியாது என்பதோடு நிறுத்திவிடாமல், பயணத்தை அதனால் தாங்க முடியுமா என்பதையும் கேட்போமாக. அவ்விரண்டில் எதை முதலில் கேட்க வேண்டும் என்பதை ஒன்பது வயதுப் பிள்ளையிடம்தான் நாங்கள் கற்றோம்.

மணி நாலரை ஆயிற்று. தமக்கையார் வாசற்படியில் போய் அமர்ந்தார். தத்தித் தத்திப் பஞ்சுவும் வந்து சேர்ந்தது.